வெல்லவாயவில் இறக்காத மஞ்சள் கொடி

கதிர்காமத்தான் காலடியை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது கோயில் பள்ளிக்கூடத்தில். அதுவும் முழுசாக இல்லை.

இந்த ஆடிக்கு உங்களில் சிலரை வெல்லவாயச் சாவடியில், கதிர்காமம் போகிற கூட்டத்துக்கு நோய் பார்க்கிற காவலில், நிறுத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். கொஞ்சம் பொறாமையும்தான். முழங்கால் போய்விட்டது, இனி எனக்கு அந்த இறக்கம் கிடையாது. பசறைப் பக்கத்திலிருந்து வருகிற கூட்டம் பதுளைக்குள் நுழைந்து "அரோகரா" போடும்போது வாசலில் போய் நிற்கிறேன். கடைசி ஆள் திருப்பத்தில் மறையும் வரை நிற்கிறேன். பிறகு உள்ளே வந்து விளக்கேற்றுகிறேன். அவ்வளவுதான் இப்போது என் உத்தியோகம்.

தம்பிமாரே, அரசாங்கக் கச்சேரியில் பியூன் வேலைக்குச் சேர்ந்தவனுக்குத் தலைப்பாகை கட்டுவதையும் துரைக்குச் சலாம் போடுவதையும் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சாவடியில் நிற்கும்போது கேட்டுச் செய்ய ஒருவரும் இருக்கமாட்டார்கள். உத்தரவு கையில் இருக்கும், எதிரே சனம் இருக்கும், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. அப்படி ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் வேலைக்கு வந்தபோது பதுளை கண்டியோடு சேர்ந்திருந்தது. பிறகுதான் பதுளையைத் தலைநகராக வைத்து ஊவாவைத் தனி மாகாணமாகப் பிரித்தார்கள். பிரித்த பிறகும் ஓரங்களில் வெட்டுவதும் ஒட்டுவதும் நிற்கவில்லை. துரைமார் மேசையில் கோடு போடுவார்கள். கோடு எங்கே விழுந்தது என்பது தோட்டத்து லயங்களில் குடியிருக்கிற சனங்களுக்கு யாராவது மலையேறிப் போய்ச் சொன்னால்தான் தெரியும். மலையேறிப் போவது நாம்தான்.

அப்படித்தான் ஒரு முகட்டுத் தோட்டத்துக்கு நான் போனேன். மாகாணம் பிரிந்தபோது அந்தத் தோட்டத்தைக் கண்டிப் பக்கமே விட்டிருந்தார்கள். சில வருஷம் கழித்து ஊவாவோடு சேர்த்தார்கள். "இனி நீங்கள் பதுளைக் கச்சேரி" என்று பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தில் நின்று சொன்னேன். ஒரு கிழவர் கேட்டார்: "அப்ப எங்க மழையும் பதுளை மழையாங்க?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கங்காணி வீரமுத்துவின் கையில் ஒரு பச்சைக் கொடியைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன்.

அந்தக் கொடி எதற்கு என்று சொல்லவேண்டும். கதிர்காமத்துக்குப் போகிற கூட்டத்துக்கு அந்தந்த மாகாணக் கச்சேரி முத்திரை குத்தின ஒரு கொடி கொடுக்கிற வழக்கம் அப்போது இருந்தது. எழுத்துத் தெரியாத சனத்துக்கு நிறம்தான் அடையாளம். கண்டிப் பக்கத்துக்கு மஞ்சள், நமக்குப் பச்சை. வழியில் எந்தக் கொட்டிலில் படுக்கலாம், எந்தக் கஞ்சித் தொட்டியில் குடிக்கலாம் என்பதெல்லாம் அந்த நிறத்தைப் பார்த்துத்தான். ராசா காலத்தில் ஊவாவுக்கு அன்னப்பறவை போட்ட கொடி இருந்ததாகச் சொல்வார்கள். நமக்குக் கிடைத்தது வெறும் பச்சைத் துணி. ஆனால் கும்பிடுகிற கைக்குள் போய்விட்டால் வெறும் துணி என்று ஒன்று கிடையாது. அதை நான் அன்றைக்கு யோசிக்காமல் போய்விட்டேன்.

அந்த வருஷம் கண்டிப் பக்கம் சில ஊர்களில் வாந்திபேதி. மஞ்சள் கொடி எது வந்தாலும் சாவடியைத் தாண்ட விடாதே என்று உத்தரவு. என்னோடு ஒரு அப்போதிக்கரி ஐயா இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். நல்ல மருந்துக்காரர். மூக்கு நுனியில் கோபம் வைத்திருப்பார், ஆனால் தன் பங்குச் சோற்றை நோயாளிக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடப்பார்.

வெயில் ஏறுகிற நேரம். பச்சைக் கொடிக் கூட்டங்கள் சாவடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மேல் திருப்பத்தில் மஞ்சளாக ஒன்று அசைந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

கிட்டே வந்ததும் பார்த்தால், முன்னால் வருகிறவர் வீரமுத்துக் கங்காணி.

"கங்காணியாரே, நான் கொடுத்த பச்சை எங்கே?"

"பத்திரமா இருக்குங்க ஐயா. தேங்காயைச் சுத்தி மூட்டையில வச்சிருக்கேன்."

"தேங்காய் சுத்தவா மலையேறி வந்து கொடுத்தேன்?"

"கோவிச்சுக்காதீங்க. பச்சை இன்னும் சாமியைப் பார்க்கல. இது போன ஆடியில கதிர்காமத்தான் முன்னால நின்ன கொடி. கிளம்புற அன்னிக்குத் தோட்டத்து அம்மன் கோயில்ல காப்புக் கட்டி ஏத்திட்டோம். ஏத்துன கொடியை நடு வழியில எறக்கலாங்களா? நெத்தியில துந்நூறு பூசியிருக்கீங்க, நீங்களே சொல்லுங்க."

ஏற்றின கொடியைத் திருவிழா முடியாமல் இறக்கக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ராத்தங்கலிலும் அதைத் தரையில் சாய்க்காமல், ஆள் மாற்றி ஆள் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். கொடிக்கம்பைப் பிடித்திருந்தது ஒரு பெண். குட்டையான உருவம். மூங்கில் அவள் தலைக்கு மேலே இன்னொரு ஆள் உயரம் போனது. கை மாற்றாமல் நின்றாள்.

அப்போதிக்கரி ஐயா கொட்டிலிலிருந்து வெளியே வந்தார்.

"ஓய் பியூன், என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறீர்? மஞ்சள் எண்டால் மஞ்சள்தான். திருப்பி அனுப்பும்."

"இவங்க இப்ப நம்ம மாகாணம் ஐயா. தோட்டத்தை மாத்திட்டாங்க. நானே போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

"வாந்திபேதி மாகாணம் கேட்டே வருகுது?"

கங்காணி குனிந்து கும்பிட்டார். "ஐயா கொஞ்சம் கண்ணை மூடிக்கிட்டீங்கன்னா மஞ்சளும் தெரியாது பச்சையும் தெரியாது. நாங்க பூனை மாதிரிப் போயிருவோம்."

"நீர் பூனை இல்லைக் காணும். உம்மட வயித்தைப் பார்த்தால் எருமை."

இந்தப் பக்கம் பச்சைக் கொடிக்காரர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். "அந்த மஞ்சளை எங்க பக்கம் விடாதீங்க!" "பிள்ளை குட்டியோட வந்திருக்கோம்!" ஒருவன் கையில் கல் இருந்ததைப் பார்த்தேன். நல்ல மனுஷன்தான் அவன்; சற்று முன் எனக்கு வெற்றிலை கொடுத்தவன். பயம் வந்தால் மனுஷன் கையில் கல் வந்துவிடுகிறது.

உத்தரவைப் பார்த்தால் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லையைப் பார்த்தால் விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒன்றுதான் தோன்றியது, முருகன்தான் தோன்ற வைத்தான். அப்போதிக்கரி ஐயா கேட்ட கேள்வியிலேயே வழி இருந்தது. நோய்க்குத் தெரியாத எல்லையைப் பார்த்து நான் என்ன செய்ய? நோய் எதன் வழியாகப் போகுமோ அதைக் கேட்போம் என்று நினைத்தேன்.

"கங்காணியாரே, கொடியை விடுங்க. வழியில எங்க தண்ணி குடிச்சீங்க? யாரோட படுத்தீங்க?"

"எங்கயும் இல்லைங்க. நேரா வாறோம். ஓடைத் தண்ணிதான்."

அப்போது கொடிக்கம்போடு அந்தப் பெண் முன்னால் வந்தாள். பெயர் செல்லாயி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"இல்லைங்க ஐயா. கொஸ்லந்தையில கொட்டில்ல தங்குனோம். அங்க ஒரு மஞ்சக் கொடிக் கூட்டம் இருந்துச்சு. எங்க கொடியைப் பார்த்துட்டு நம்மாளுங்கன்னு கூப்பிட்டாங்க. அவுங்க பானையிலதான் கஞ்சி குடிச்சோம். அதுல ஒருத்தர் மூலையில சுருண்டு கிடந்தாரு. களைப்புன்னு சொன்னாங்க."

பச்சைக் கொடிக்காரர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.

கங்காணி பல்லைக் கடித்துக்கொண்டு, "உன்னை யாரு ஆத்தா வாயைத் தொறக்கச் சொன்னது? இவ்வளவு தூரம் வந்து…" என்றார்.

"போன தடவை யாரோ வாயைத் தொறக்காமப் போனாங்க. அதுலதான் எம் புருஷன் போனாரு. இந்தக் கொடியை அவருதான் புடிச்சிக்கிட்டு வந்தாரு. கொடி ஊருக்குத் திரும்புச்சு, அவரு திரும்பல. அவரு கிடக்குற எடத்தைப் பார்க்கத்தான் நான் வாறேன். பொய் சொல்லிட்டுப் போயி அவரு முன்னால எப்படி நிப்பேன்?"

கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். போன தடவை கூட்டத்தில் ஒருவனுக்கு வயிறு சரியில்லை என்பதைக் காவலிடம் மறைத்தது அவர்தான். பிறகு ஒரு நாள் அவரே என்னிடம் சொல்லி அழுதார்.

"பார்த்தீரா?" என்றார் அப்போதிக்கரி ஐயா. குரலில் முதலில் இருந்த வேகம் இல்லை. "அனுப்பும், அனுப்பும்."

இந்த இடத்தில்தான் தம்பிமாரே, நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். திருப்பி அனுப்பினால் சனம் வீட்டுக்கா போகும்? நான் கண்டிருக்கிறேன். திருப்பின கூட்டம் அடுத்த திருப்பத்தில் காட்டுக்குள் இறங்கும். நம் கண்ணில் படாமல் ஓடையோரமாகவே நடந்து, நமக்கு முன்னால் கதிர்காமம் போய்ச் சேரும். அப்படிப் போகாமல் சொன்னபடி மேலேறினாலும், கொஸ்லந்தை, அப்புத்தளை என்று கடைத்தெருவுக்குக் கடைத்தெரு நின்று, கடைசியில் லயத்துக்குள் நுழைவார்கள். லயத்தில் ஒரு கூரைக்குக் கீழே எத்தனை குடும்பம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"திருப்பவும் வேண்டாம், விடவும் வேண்டாம் ஐயா," என்றேன். "ஓடைக்கு அந்தக் கரையில பழைய மாட்டுக் கொட்டில் இருக்கு. நம்ம தண்ணி எடுக்குற இடத்துக்குக் கீழே. அங்க வச்சிருப்போம். உங்களுக்குத் திருப்தியாகிற வரைக்கும்."

"திருவிழா முடிஞ்சு போமே."

"முடிஞ்சா முடியட்டும்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உண்மை சொன்னதற்குக் கூலியாக அவள் வழியை நானே அடைக்கிறேன். ஆனால் முதலில் கொட்டிலை நோக்கி நடந்தவளும் அவள்தான். அவளுக்குப் பின்னால் கங்காணி. மற்றவர்கள் முனகிக்கொண்டே போனார்கள். கல் வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டு, ஒரு சிறு மூட்டை அரிசியை ஓடைக்கரையில் வைத்துவிட்டு வந்தான்.

மஞ்சள் கொடியை மாட்டுக் கொட்டிலின் முன்னால் நட்டார்கள். இறக்கவில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. இந்த உத்தியோகத்தில் மிகக் கஷ்டமான வேலை அதுதான், யாரும் சொல்லித் தருவதில்லை. தினமும் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று விசாரிப்பேன். கஞ்சிப் பானையைக் கரையில் வைத்துவிட்டு விலகுவேன், அவர்கள் வந்து எடுப்பார்கள். ஒரு நாள் காலை கங்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார் என்று கூச்சல். அப்போதிக்கரி ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டி ஓடினார். நெடு நேரம் கழித்துத் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன ஐயா?"

"பலாப்பழம்! காட்டுக்குள்ள விழுந்து கிடந்ததை முழுசா ஒரு ஆளாத் திண்டிருக்குது அந்த எருமை."

அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு ஓடைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். அங்கேயும் சிரித்தார்கள். செல்லாயி சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நாட்கள் போயின. பச்சைக் கூட்டங்கள் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு அரோகராவுக்கும் மாட்டுக் கொட்டிலிலிருந்தும் ஒரு அரோகரா வரும், பிறகு அடங்கிவிடும். உங்களிடம் சொல்வதில் என்ன? எனக்கும் அந்த ஏக்கம் தெரியும். ஆடி வந்தால் நான் சாவடியில்தான் நிற்பேன். ஊரெல்லாம் அவனைப் பார்க்கப் போகும், நான் வழிவிட்டுக்கொண்டு நிற்பேன். திரும்பி வருகிறவர்கள் பூசியிருக்கிற திருநீற்றைத்தான் என் கண் பார்த்தது, திருவிழாவை அல்ல. அந்தக் கொட்டிலைப் பார்க்கும்போதெல்லாம், முருகா, இவர்களும் என் பக்கம் வந்துவிட்டார்களே என்று நினைத்துக்கொள்வேன்.

மாணிக்க கங்கையில் தீர்த்தம் முடிந்தது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு அம்மாள் ஓடைக்கரையில் நின்று, "திருநீறு தரட்டுமா தாயி?" என்று செல்லாயியைக் கேட்டாள்.

"வேணாங்க. நானே போயி வாங்கிக்கிறேன்."

ஒருவருக்கும் நோய் வரவில்லை. அப்போதிக்கரி ஐயா ஒவ்வொருவர் நாக்கையும் கண்ணையும் பார்த்து, போகலாம் என்றார். அதற்குள் சாவடியையே கலைக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. வீட்டுக்குப் போவார்கள் என்று நினைத்தேன். தோட்டத்தில் பெரட்டு இருக்கிறது, துரை பேரை வெட்டிவிடுவார்.

கங்காணியிடம் கேட்டேன். அவர் கொடியைக் காட்டினார். "கதிர்காமம் போயி எறக்காம எப்படிங்க ஊருக்குள்ள போறது? துரைகிட்ட ஏச்சு நான் வாங்கிக்கிறேன்." செல்லாயியைப் பார்த்து, "கம்பை எடு ஆத்தா," என்றார்.

கதிர்காமத்தில் காவலுக்காகப் போட்டிருந்த கச்சேரிச் சாமான்களைக் கொண்டுவர ஒரு ஆள் போக வேண்டியிருந்தது. நான் போகிறேன் என்றேன். அப்படித்தான் நான் முதல் தடவையாகக் கதிர்காமம் போனேன், திருவிழா முடிந்த பிறகு, ஒரு மஞ்சள் கொடிக்குப் பின்னால்.

வெறிச்சோடிக் கிடந்தது. கொட்டில்களைப் பிரித்துவிட்டார்கள். எத்தனையோ கொடிகள் நின்ற வெளியில் குழிகள்தான் இருந்தன. அதற்கு நடுவே செல்லாயி அந்த ஒற்றைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எந்த மாகாணம் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பூசை செய்கிறவர் திரைக்கு வெளியே வந்து தட்டை வாங்கிக்கொண்டார். கற்பூரம் ஏற்றினோம். எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது, ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை.

பிறகு ஆற்றுக்கு அந்தப்புறம் போனோம். போன வருஷம் நோயில் போனவர்களைப் புதைத்த இடம். காவலுக்கு இருந்த ஒருவர் மருத மரங்களுக்குக் கீழே கையை வீசிக் காட்டினார். "அந்தப் பக்கம் முழுக்கத்தான்." அடையாளம் ஒன்றும் இல்லை. புல் முளைத்திருந்தது.

செல்லாயி அழுவாள் என்று கங்காணி பயந்துகொண்டு நின்றார். அவள் அழவில்லை. அந்த நிலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"ஐயா, இந்த எடம் எந்தக் கச்சேரிங்க?"

"பதுளைதான் தாயி. ஊவா."

"போன வருஷமும்?"

"போன வருஷமும்."

"அப்ப எங்க தோட்டம்?"

"இப்ப அதுவும் ஊவாதான்."

அவள் அதைத் தனக்குள் கூட்டிப் பார்க்கிற மாதிரி நின்றாள்.

"போன வருஷம் பூரா அவரு ஒரு மாகாணத்துலயும் நான் ஒரு மாகாணத்துலயும் இருந்திருக்கோம். அது தெரியாமயே இருந்துட்டேன். இப்ப ஒண்ணாயிட்டோமா?"

"ஆமா தாயி. ஒண்ணுதான்."

கொடிக்கம்பைச் சாய்த்தாள். காப்பை அவிழ்த்தாள். அன்றைக்குத்தான் அந்த மஞ்சள் கொடி இறங்கியது. அதைப் புல்லின் மேல் விரித்து, நாலு மூலையிலும் ஆற்றுக் கல் வைத்தாள். பிறகு கங்காணியிடம் கையை நீட்டினாள். "மாமா, அந்தப் பச்சையைக் குடுங்க." அவர் மூட்டையைப் பிரித்துத் தேங்காயிலிருந்து உருவிக் கொடுத்தார். கசங்கியிருந்தது. மடியில் வைத்துத் தடவி நீவி, மூங்கிலில் அவளே கட்டினாள்.

ஆற்றைத் தாண்டும் முன் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஐயா, கச்சேரியில உங்க பேச்சு எடுபடுமா?"

"என்ன தாயி?"

"இந்த எல்லைக் கோட்டை இனிமே மாத்த வேணாம்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். கச்சேரியை ஆளுகிற ஏஜண்டு துரைமார் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருவர் மேசை முன்னாலும் கைகட்டி நிற்கும்போது வாய் வரை வந்துவிடும். பியூன் பேசுகிற பேச்சா அது என்று விழுங்கிவிடுவேன். அந்த முகட்டுப் பக்கம் மறுபடியும் எல்லை அளக்கிறார்கள் என்று போன மாதம் உங்களில் ஒருவர் வந்து சொன்னார். அன்றிலிருந்து விளக்கேற்றும்போது முருகனிடம் மட்டும் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.